வாசலில் கிடக்கிற ரப்பர் பாய்

திருடினவள் அதைக் கொண்டுவந்து வாசலிலா போட்டுவைப்பாள்? முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், மற்றதைப் பிறகு பேசலாம். இந்த வீட்டுக்கு வருகிறவர் எல்லாரும் அந்தப் பாயில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். மாடிவீட்டுக்காரியும் அப்படித்தான். நேற்றுக்கூட அதன்மேல் நின்றுகொண்டேதான் கேட்டாள்: "ஏம்மா, உங்க மருமக பார்க்குலேருந்து ரப்பர் பாயத் தூக்கிட்டு வந்துட்டாளாமே? அதுக்குத்தான் வேலைய விட்டு அனுப்பிட்டாங்களாமே?"

"தூக்கிட்டுத்தான் வந்தா. நீ நிக்கிறது அதும்மேலதான். கால நல்லாத் தேய்ச்சுக்கோ" என்றேன்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. முகம் சுண்டினால் வாயும் சுண்டுமா? "பெத்த பொண்ணையே ரயில்லேருந்து கையப் புடிச்சு இறக்கினவளாச்சே, அவளுக்குப் பாய் ஒரு பொருட்டா!" என்று படியேறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ரயிலில், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். தெருவில் வாய் கிழியப் பேசுகிறவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு அங்கே இல்லை. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் நன்றாகத் தெரியும். பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் என் மருமகளுக்கும் பொருத்தம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சமையலில் நான் உப்புப் போட்டால் அவளுக்குக் கடல். அவள் போட்டால் எனக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. அவள் ஜன்னலைத் திறப்பாள், நான் சாத்துவேன். என் மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். அவன் வீட்டுக்கு வந்தால் எங்கள் இரண்டு பேர் வழக்கையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவான். அதனால் நான் அவளுக்குப் பரிந்து பேசுவதை, மாமியார் பாசம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஊருக்கு வெளியே இருக்கிறதே பார்க்கு, அங்கே அவள் முதலில் பெருக்குகிற வேலைக்குத்தான் போனாள். அங்கே ஒரு ரயில் உண்டு. தண்டவாளம் வானத்துக்கும் பூமிக்குமாக வளைந்து வளைந்து போகும். ஏறும்போது கிழவி மாதிரி முக்கி முக்கி ஏறும், இறங்கும்போது கயிறறுத்த கன்றுக்குட்டி. அந்தத் தண்டவாளத்துக்கு அடியில் பெருக்குவதுதான் அவள் வேலை. சாயங்காலம் வந்து அன்றைக்கு என்னென்ன விழுந்தது என்று சொல்வாள். செருப்பு தினமும் விழும். தொப்பி, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, வளையல். ஒருநாள் ஒரு பெரியவரின் பல்செட் விழுந்தது. அதைக் கழுவி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டே வந்து வாங்கிப்போனாராம். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "அத்தை, கீழ நின்னு பாத்தாத்தான் தெரியுது. கெட்டியாப் பிடிக்காத எதையும் அந்த ரயில் வெச்சுக்காது."

பிறகு ரயில் ஏறுகிற வாசலில் நின்ற பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால் மேனேஜர் இவளை அங்கே நிறுத்தினார். ஒரு நீலக் கோட்டுக் கொடுத்தார்கள். நெஞ்சுக்கு நேரே ஒரு பை, பையை மூட ஒரு வெள்ளைப் பட்டன். ரயில் மேடைக்குப் போகிற வழியில் ஒரு பலகையைச் சுவரோடு ஆணியடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு கரடி வரைந்திருக்கும். கரடி ஒரு கையை மேசைமாதிரி நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் முதுகு ஒட்டி நிற்க வேண்டும். தலை கரடியின் கையைத் தொட்டால் ஏறலாம். கூட ஒரு பெரியவர் உட்கார வேண்டும். தொடாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அளக்கிற வேலையே அவ்வளவுதான். தெருப் பிள்ளைகள் அவளுக்குக் 'கரடியம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நின்று பார்த்தால்தான் தெரியும். பெற்றவர்களுக்குப் பிள்ளையை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். உச்சியில் தேங்காய் அளவுக்குக் கொண்டை போட்டுக் கூட்டிவருவார்கள். காலுறைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார்கள். ஒரு தகப்பன் பின்னால் நின்று சட்டைக் காலரைப் பிடித்து மகனைத் தூக்கியிருக்கிறான். பையன் கழுத்து இறுகித் திருதிரு என்று முழிக்கிறான். இன்னொருத்தர் தன் நெஞ்சைத் தட்டி, "என் உயரத்தப் பாருங்க! என் பையன் எப்படி வளருவான்னு நீங்களே யோசிங்க!" என்றாராம். இவள், "நிச்சயமா வளருவான் சார். வளந்ததும் கூட்டிட்டு வாங்க" என்றாளாம்.

குதிகாலைத் தூக்குகிற பிள்ளையை அவள் அதட்டமாட்டாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எந்தப் பல்லு விழுந்துச்சு, காட்டு" என்பாள். வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிற பிள்ளைக்குக் குதிகாலைத் தூக்குகிற நினைப்பு வராது. தானாகக் கால் கீழே இறங்கிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நம் வீட்டுப் பிள்ளையிடம் கற்றுக்கொண்டது.

தலை தொடாத பிள்ளையைச் சும்மா திருப்பி அனுப்பவும் மாட்டாள். மேடை ஓரத்தில் ஒரு பித்தளை மணி தொங்கும். எல்லாரும் உட்கார்ந்து மடிமேல் கம்பியை இறக்கிப் பூட்டியதும் இவள் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு அந்த மணியை அடிப்பாள். அடித்தால்தான் ரயில்காரர் விசையைத் தள்ளுவார். அந்த மணிக்கயிறு பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. இவள் என் பழைய சேலையின் கரையைக் கிழித்துக் கயிற்றின் நுனியில் முடிந்து, கீழே வரை தொங்கவிட்டாள். ஏற முடியாத பிள்ளையைக் கூட்டிப்போய், "நீ அடிச்சாத்தான் ரயில் போகும். பெரியவங்க எல்லாம் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க, பாரு" என்பாள். பிள்ளை அடிக்கும். ரயில் கிளம்பும். அழுதுகொண்டு வந்தது ராஜா மாதிரி திரும்பிப் போகும். சில பிள்ளைகள் மறுவருஷம் கரடிக் கையை முட்டுகிற உயரத்துக்கு வளர்ந்து வந்து, "எனக்கு மணியடிக்கணும்" என்று அடம்பிடித்ததும் உண்டு.

இனி நம் வீட்டுப் பிள்ளை. என் பேத்தி அவசரப்பட்டு, நாள் நிறையாமல் பிறந்தவள். கையில் வாங்கும்போது ஒரு ரொட்டி கனம்கூட இல்லை. கடுகு என்று நான்தான் கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் கொடி மாதிரி வளர்ந்தார்கள். இவள் மட்டும் யோசித்து யோசித்து வளர்ந்தாள். காரத்துக்குக் குறைச்சல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு, "உங்கம்மா வேலை பாக்குற ரயில்லயே உன்னை ஏத்தமாட்டாங்களாமே!" என்று கேட்டதற்கு, "எங்கம்மா மேனேஜரையே ஏத்தமாட்டாங்க, அவரு தொப்பை இடிக்குதுன்னு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசியவள் வீட்டுக்கு வந்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேலை நனைந்தது எனக்குத்தானே தெரியும்.

தாய்க்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. வேலையில் சேர்ந்த அன்று என் மருமகள் தானே செருப்புக் காலோடு அந்தப் பலகையில் நின்று பார்த்திருக்கிறாள். கரடியின் கை சரியாக அவள் கோட்டுப் பையின் வெள்ளைப் பட்டனுக்கு நேரே வந்ததாம். அதனால் தினமும் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்பாள். கடுகு வெறுங்காலோடு ஓடிவந்து அவளை ஒட்டி நிற்பாள்.

"பட்டன் வந்துச்சாம்மா?"

"இன்னும் வரலை கண்ணு. வந்துக்கிட்டே இருக்கு."

"நேத்தும் இதத்தான் சொன்னே!"

"நேத்து தூரமா இருந்துச்சு. இன்னைக்குப் பக்கத்துல இருக்கு."

உள்ளே இருந்து நான், "அது என்ன பஸ்ஸா, வந்துக்கிட்டே இருக்கிறதுக்கு?" என்பேன். மூன்று பேரும் சிரிப்போம். பார்க்குக்குக் கூட்டிப்போனால் கடுகு மணியடிப்பாள். அடித்து அடித்து ஒருநாள் சலித்துப் போனாள். "எனக்கு மணி வேணாம். நான் ஏறி உக்காந்து, வேற யாராவது எனக்கு மணியடிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த மணியைத் தொடவே இல்லை.

இப்போது பாய்க்கு வருகிறேன்.

வெயில் காலத்தில் அந்தப் பலகைக்கு அடியில் இருக்கிற சிமெண்டுத் தரை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி காயும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் அல்லவா? துள்ளும், ஒற்றைக்காலில் நிற்கும், அழும். அளக்கவே முடியாது. என் மருமகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்: "சார், அந்த எடத்துல ஏதாவது விரிச்சுக் குடுங்க சார். பிஞ்சுக் காலு சார்." அவரும், "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று நாளைக் கடத்தினார். அந்த மனிதரையும் குறை சொல்லக் கூடாது. எந்நேரமும் சட்டை நனைந்துபோய்த்தான் இருப்பார். முதலாளி ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம் அவரைப் பிடித்து இழுக்கும். கடைசியில், பள்ளிக்கூடத்துக்குப் பெரிய விடுமுறை விட்ட வாரம், ஊஞ்சலுக்கு அடியில் போட வாங்கியதில் மிச்சமிருந்த ரப்பர் பாய் ஒன்றை அனுப்பிவைத்தார். கறுப்பு, நல்ல கனம், இரண்டு விரல் தடிமன். இவளே அதை விரித்து, காலால் மிதித்துப் பார்த்து, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சர்க்கரை தின்றவள்மாதிரி சொன்னாள்: "அத்தை, இன்னைக்கு ஒரு புள்ளைகூட அழலை."

அழாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பலகை சுவரில் இருக்கிறது. பாய் தரையில் இருக்கிறது. பாய் மேல் நிற்கிற பிள்ளை இரண்டு விரல் உயர்ந்துவிடுகிறது. கரடியின் கை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது அவளுக்கும் தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை, யாருக்குமே தோன்றவில்லை. காலை நினைத்தார்கள், தலையை மறந்தார்கள். ரயில்காரர்கூட, "என்னம்மா, இந்த வாரம் எல்லாப் புள்ளையும் வளந்துடுச்சு? நீ என்ன உரமா வைக்கிறே?" என்று கேலி பேசினாராம். அதையும் வந்து சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் நானும் கடுகும் பார்க்குக்குப் போனோம். பிள்ளை ஒரு ஐஸ் தின்ன வேண்டும் என்றாள், வேறொன்றுமில்லை. ஐஸ் தின்ற கையோடு ரயில் மேடைப் பக்கம் போனோம். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். ரயில்காரர்தான் இவளைப் பார்த்துவிட்டு, "கடுகு, நீயும் நின்னு பாரேன்! இந்த வாரம் எல்லாருக்கும் ராசியா இருக்கு" என்று கூப்பிட்டார். முந்தின நாள்கூட வாசலில் பட்டன் வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தாள் என் மருமகள். ஆனால் மகள் முகத்தைப் பார்த்தாள். "சரி, நில்லு" என்றாள். ஆசை வந்துவிட்டால் அளவு எங்கே நினைவிருக்கும்?

கடுகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் ஏறிப் பலகையில் முதுகு ஒட்டி நின்றாள். குதிகால் தூக்கவில்லை, அவளுக்கா தெரியாது? தாய் கையைத் தட்டையாக வைத்துப் பார்த்தாள். கரடியின் கை இடித்தது. உச்சந்தலையில் நன்றாகவே இடித்தது.

"இடிக்குதா?" என்றாள் பிள்ளை, மூச்சுவிடாமல்.

"இடிக்குதுடி!" என்றாள் தாய்.

அவ்வளவுதான். ரயில்காரர் கைதட்டினார், வரிசையில் நின்ற யாரோ விசிலடித்தார்கள். என்ன ஏதென்று தெரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள். "பாட்டி, நீதான் என்கூட!" என்று என்னை இழுத்தாள். நான் மாட்டேன் என்றேன். யார் கேட்கிறார்கள்? ஏறப் போகுமுன் பாயைவிட்டு இறங்கி ஓடிவந்து, தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் தலையை முட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நான் அப்போது திரும்பிப் பார்த்தேன். என் மருமகள் அசையாமல் நின்றிருந்தாள். சிரிப்பு முகத்தில்தான் இருந்தது, ஆனால் சொல்ல வந்ததை மறந்துபோனவள்மாதிரி ஒரு கை அவள் கோட்டுப் பட்டனில் இருந்தது.

நாங்கள் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கு ஒரே கம்பி. அதை இறக்கினார்கள். அது நேராக என் வயிற்றுக்கு வந்து, அதற்கு மேல் இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. என் வயிறு என்ன சின்ன வயிறா? எனக்குக் கம்பி கச்சிதம். பிள்ளை மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணையை வைக்கலாம். "பாட்டி, உன் தொப்பைய உள்ள இழு" என்றாள். "நான் இழுத்துத்தான் வெச்சிருக்கேன், போடி" என்றேன்.

என் மருமகள் ஒவ்வொரு பெட்டியாகக் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களிடம் வந்தாள். கம்பியை ஆட்டவில்லை. குனிந்து பிள்ளையின் காலைப் பார்த்தாள். கால் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றினால்தான் ரயில் தலைகுப்புற இறங்கும்போது பிள்ளை கம்பிக்கடியில் வழுக்காது. கரடியின் கையைத் தொடுகிற பிள்ளைக்குக் கால் ஊன்றும், அதற்காகத்தான் அந்த உயரமே வைத்திருக்கிறார்கள். கடுகின் கால் ஊன்றவில்லை. தரைக்குமேலே ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு விரல் இடைவெளியில்.

தாய் அங்கேயே மண்டிபோட்டாள். அந்தச் சின்னப் பாதத்தை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, இறங்கணும்."

"ஏன்? இடிச்சுச்சு! நீதானே சொன்னே இடிக்குதுன்னு?"

"நான் சொன்னது தப்பு. பாயி தூக்கிக் குடுத்துடுச்சு உன்னை. நீ கட்டிப்பிடிச்சப்ப பட்டன் தலைல படலை."

"எல்லாரும் கைதட்டினாங்க…" என்றாள் பிள்ளை. கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதட்டிக் கையைப் பிடித்து இழுத்ததாக மாடிவீட்டுக்காரி சொல்கிறாளே, கேளுங்கள்: அவள் இழுக்கவில்லை. மண்டிபோட்டபடியே இருந்தாள். கூட்டம் கத்துகிறது, ரயில்காரர் "என்னாச்சு?" என்கிறார், இவள் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளை தானாகக் கையை நீட்டுகிறவரை காத்திருந்தாள். நீட்டியதும் கம்பியை ஏற்றி, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

பிறகுதான் அவளுக்கு மற்ற பிள்ளைகள் நினைவு வந்தது. இடுப்பில் மகளோடு ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் காலைப் பார்த்தாள். ஊன்றாத கால்களை எல்லாம் இறக்கினாள். ஒரு தகப்பனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏம்மா, அளந்து ஏத்தினது நீங்கதானே? இப்ப இறங்குன்னா என்ன அர்த்தம்?"

"ஆமாங்க, நான்தான் ஏத்தினேன். தப்பு என்னுது. அதான் நானே இறக்குறேன்."

அவர் இவள் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். தன் மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மேனேஜர் ஓடிவந்தார். இவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தார். அது வளைந்து வளைந்து ஐஸ் கடை வரைக்கும் நின்றது.

"அட, ரெண்டு விரலும்மா! ஒரு வாரமா எத்தனை புள்ளைங்க போயிருக்கு, ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகாமப் போனதை நினைச்சாத்தான் சார் எனக்குப் பயமா இருக்கு."

"இன்னைக்குக் கூட்டத்தப் பாரு. இப்பப் போயி பாய எடுத்தா, பாதிப் பேரு சண்டைக்கு வருவாங்க. காலைல என் தம்பி பையன் ஏறினான், மத்தியானம் என் பையனை ஏத்தமாட்டேங்கிறியேம்பாங்க. இன்னைக்கு ஒருநாள் ஓட்டு. நாளைக்குப் பலகைய ஒசத்தி அடிச்சுத் தர்றேன், சத்தியமா."

"இன்னைக்கு வர்ற புள்ளைங்களுக்கு இன்னைக்குத்தானே சார் ரயிலு?"

"உனக்கு முடியலைன்னா சொல்லு. வேற ஆள நிறுத்திக்கிறேன்."

அவர் மிரட்டிச் சொல்லவில்லை, களைத்துப்போய்த்தான் சொன்னார். அதுதான் அவளைத் தைத்தது என்று நினைக்கிறேன். தான் போனால் இன்னொருத்தி வந்து நிற்பாள்; பாய் அங்கேயே கிடக்கும். கோபித்துக்கொண்டு வேலையைவிட்டுப் போவதால் ஒரு பிள்ளைக்கும் கால் ஊன்றப் போவதில்லை.

பிறகு கடுகை என்னிடம் கொடுத்தாள். பலகைக்கு அடியில் போய்க் குனிந்து அந்தப் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"இத நான்தான் சார் கேட்டேன். நானே எடுத்துட்டுப் போறேன்."

"அது பார்க்கு சாமான்மா!"

"என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க சார். இது இங்க இருக்கக் கூடாது."

அவர் தடுக்கவேண்டுமென்றால் தடுத்திருக்கலாம், இரண்டு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை. அவர் கண் அவள் கையிலிருந்து விலகி, பாய் இருந்த இடத்தில் சிமெண்டில் தெரிந்த வெளிறிய சதுரத்துக்குப் போனது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. காலணியால் அந்தச் சதுரத்தை ஒரு தடவை தேய்த்தார். பிறகு வரிசைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் மறுபடி அளந்துக்கணும்! யாரும் சண்டை போடக் கூடாது!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

என் மருமகள் நீலக் கோட்டைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். போகவேண்டாம் என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. துரத்தினார்கள் என்று தெருவில் சொல்கிறார்களே, இதில் எந்த இடத்தில் துரத்தினார்கள் என்று எனக்குக் காட்டட்டும்.

ரயில் அப்படியே நின்றது. ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், ரயில்காரர் ஒவ்வொரு கம்பியையும் தானே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். மணிதான் அடிக்கவில்லை. மணியடிக்கிறவள் கோட்டைக் கழற்றிவிட்டாள். ரயில்காரர் அவளைப் பார்க்கிறார், மேனேஜரைப் பார்க்கிறார், விசையில் கை வைத்தபடி காத்திருக்கிறார்.

என் இடுப்பிலிருந்து கடுகு வழுக்கி இறங்கினாள். முகமெல்லாம் கண்ணீரும் ஐஸும். யாரையும் பார்க்காமல் நேராக மேடை ஓரத்துக்குப் போனாள். என் பழைய சேலைக் கரையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மணி கணீரென்றது. ரயில் கிளம்பி முக்கி முக்கி மேலே ஏறியது. அது உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் விழுந்து, எல்லாரும் கத்துகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பிவந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

என் மருமகள் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். கனமான பாய், ஒருபக்கம் தொய்ந்து தரையில் உரசியது. கொஞ்சதூரம் கடுகு பின்னாலேயே வந்தாள். ஐஸ் கடையைத் தாண்டும்போது ஓடிப்போய்த் தொங்கிய முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"கோட்டு குடுத்துட்டியே. இனிமே பட்டன் எங்க வரும்?"

தாய் நின்றாள். பாயைக் கீழே வைத்தாள். பிள்ளையின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, விரலால் அந்த இடத்தைத் தேடி அழுத்தினாள். "கோட்டுத்தானே போச்சு. இந்த எடம் என்கிட்டதானே இருக்கு."

பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஒட்டி நின்று பார்த்தாள். நடுவழியில், அவ்வளவு ஜனம் போகிற இடத்தில்.

"வந்துச்சா?"

"இன்னும் வரலை."

"வந்துக்கிட்டே இருக்கா?"

"இருக்கு."

பார்க்கு வாசலில் காவல்காரர் பாயைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். என் மருமகளுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் பொழுது சாயும். நான் முன்னால் போய், "எங்க வீட்டு வாசல்ல போட. வர்றவங்க வாயத்தான் துடைக்க முடியாது, காலையாவது துடைக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். தாய் ஒரு முனை, மகள் ஒரு முனை, நடுவே அந்தக் கறுப்புப் பாய். கடுகின் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.